ஹர்ஸ்ட்மன்சூ: கோட்டை வானாய்வகமான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் லண்டன் முடிந்ததும் நான் கூட்டிப்போகிற இடம் இது. கூட வருபவர்கள் வண்டியிலும், அகழிக்கரையிலும், திரும்பி வந்து சாப்பிடும்போதும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். நண்பர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைக்காகவும் அதையே கேட்கிறார்கள். எனவே எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஹர்ஸ்ட்மன்சூன்னா என்ன? எங்க இருக்கு?

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கிழக்கு சஸெக்ஸ் மாவட்டத்தில் உள்ள ஒரு ஊர். அங்கே ஒரு பெரிய எஸ்டேட், அதன் நடுவில் 15-ஆம் நூற்றாண்டுச் செங்கல் கோட்டை. கடற்கரை சில மைல்தான். 1066-இல் நார்மாண்டி வில்லியம் படையோடு வந்து இறங்கிய பெவென்சி பக்கத்தில்தான் இருக்கிறது. கோட்டைக்குத் தெற்கே பெவென்சியின் சதுப்பு நிலம் விரிந்து கிடக்கிறது.

இந்த எஸ்டேட்டை 1946-இல் பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகம் வாங்கி, கிரீனிச் அரச வானாய்வகத்தை இங்கே கொண்டுவந்தது. 1990 வரை அது இங்கேதான் இருந்தது. ஒரே வேலிக்குள் 1440-களின் கோட்டையும் 1950-களின் தொலைநோக்கிக் குவிமாடங்களும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பேரே வாயில நுழையல. எப்படிச் சொல்லணும்?

'ஹர்ஸ்ட்-மன்-சூ', கடைசி அசையில் அழுத்தம். 'ஹர்ஸ்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் மரங்கள் அடர்ந்த மேட்டைக் குறிக்கும். 'மன்சூ' பிரான்சிலிருந்து வந்த மோன்சூ குடும்பத்தின் பெயர். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊர் ஹர்ஸ்ட் குடும்பமும் மோன்சூ குடும்பமும் சம்பந்தம் செய்துகொண்டன, ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டது. பிறகு மோன்சூ வீட்டுப் பெண் ஒருத்தி ஃபைன்ஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட, நிலம் அவர்கள் கைக்குப் போனது. கோட்டையைக் கட்டியவர்கள் இந்த ஃபைன்ஸ்கள்தான்.

கிரீனிச் வானாய்வகம் லண்டன்லதானே இருக்கு? நாங்க போய் பூஜ்ஜிய தீர்க்கரேகைக் கோட்டுமேல கால் வச்சு போட்டோ எடுத்தோமே!

நீங்கள் பார்த்ததும் சரிதான். 1675-இல் தொடங்கிய வானாய்வகத்தின் பழைய கட்டடங்கள் கிரீனிச் குன்றின்மேல் அப்படியே இருக்கின்றன. இப்போது அது அருங்காட்சியகம். ஆராய்ச்சி செய்த நிறுவனம், அதாவது ஆட்களும் கருவிகளும் ஏடுகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹர்ஸ்ட்மன்சூவுக்குக் குடிபெயர்ந்தது. பெயரை மட்டும் விடவில்லை. 'ராயல் கிரீனிச் அப்சர்வேட்டரி, ஹர்ஸ்ட்மன்சூ' என்றே எழுதிக்கொண்டார்கள். குழப்பம் அதனால்தான் வருகிறது.

கோட்டையைக் கட்டினது யாரு? ராஜாவா?

ராஜா இல்லை, ராஜாவின் கணக்கைப் பார்த்தவர். சர் ரோஜர் ஃபைன்ஸ் 1415-இல் பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் போரில் சண்டையிட்டவர். பின்னாளில் ஆறாம் ஹென்றியின் அரண்மனைப் பொருளாளர் ஆனார். வீட்டுக்கு மதில் எழுப்பி அரண் செய்துகொள்ள அந்தக் காலத்தில் அரசரின் அனுமதி வேண்டும். ரோஜருக்கு அது 1441-இல் கிடைத்தது.

கட்டடம் ஏறத்தாழச் சதுரம், ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 அடி. மூலைகளில் எண்கோணக் கோபுரங்கள், சுற்றிலும் அகழி, தெற்கே இரட்டைக் கோபுர வாசல். உள்ளே ஒரே முற்றமாக இல்லாமல் பல முற்றங்கள். செட்டிநாட்டு வீட்டில் ஒரு கட்டைத் தாண்டினால் அடுத்த கட்டு வருமே, அந்த மாதிரி. இந்த முற்றங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இவற்றைத் தேட வேண்டிவரும்.

கோட்டைன்னா கருங்கல்லுல இருக்கும். இது ஏன் செங்கல்லுல கட்டியிருக்கு?

நம் ஊரில் செங்கல் சாதாரணப் பொருள். 1441 இங்கிலாந்தில் அது புதுமோஸ்தர். பிரான்சிலும் ஃபிளாண்டர்ஸ் பக்கமும் போருக்குப் போய்வந்த பிரபுக்கள் அங்கே செங்கல் மாளிகைகளைப் பார்த்திருந்தார்கள். நல்ல கட்டடக் கல் எல்லா இடத்திலும் கிடைக்காது, சஸெக்ஸில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. இன்றும் நிற்கிற இங்கிலாந்தின் பெரிய செங்கல் கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் ஹர்ஸ்ட்மன்சூ ஒன்று. சன்னல் சட்டங்களுக்கும் வாசல் விளிம்புகளுக்கும் மட்டும் கல் வைத்தார்கள்.

மாலை நான்கு மணி வெயில் மேற்குச் சுவரில் விழும்போது ஒருமுறை பாருங்கள். செங்கல் ஒரே சிவப்பாக இருக்காது. ரோஜா நிறம், காவி, சூளையில் அதிகம் வெந்த கருநீலம் எல்லாம் கலந்திருக்கும். அகழித் தண்ணீரில் அது தலைகீழாக ஆடும். கருங்கல்லில் இது வராது.

அகழியெல்லாம் இருக்கே, இங்க போர் நடந்துச்சா?

இல்லை. வாசல் கோபுரத்தின் உச்சியில் சுவரை வெளியே தள்ளிக் கட்டி, கீழே வருபவர்மேல் கல்லைப் போட ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். அம்பு எய்யும் சந்துகளும் உண்டு. ஆனால் கோட்டை நிற்பது பள்ளத்தில். சுற்றியிருக்கும் மேட்டில் நின்றால் எதிரிக்கு எல்லாம் தெரியும். சன்னல்களும் பெரியவை, செங்கல் சுவரோ பீரங்கிக்குத் தாங்காது. கோட்டை வடிவத்தில் கட்டிய செல்வ மாளிகை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதில் குறையொன்றும் இல்லை. தன் அந்தஸ்தைக் கட்டடத்தில் காட்ட நினைத்த ஒருவர், அழகாகவே காட்டியிருக்கிறார்.

போரில் யாரும் சாகவில்லை என்றாலும் குடும்பத்துக்கு ஒரு சாவு உண்டு. ரோஜரின் வழிவந்த தாமஸ் ஃபைன்ஸ், டேக்கர் பிரபு, இருபதுகளில் இருந்த இளைஞர். நண்பர்களோடு அண்டை நிலத்தில் மான் திருடப் போனார். காவலாளி ஒருவர் அடிபட்டு இறந்தார். 1541-இல் டைபர்னில் பிரபுவைச் சாதாரணக் குற்றவாளியைப் போலத் தூக்கிலிட்டார்கள்.

உள்ள இருக்கிற மாடிப்படி, கணப்பு எல்லாம் 600 வருஷப் பழசா?

பெரும்பாலும் இல்லை. சுற்றுச்சுவர், கோபுரங்கள், வாசல் இவைதான் 15-ஆம் நூற்றாண்டு. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டு வேலை. பலர் இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிடுகிறார்கள். கதையைக் கேட்டால் சுருங்காது.

1708-இல் ஃபைன்ஸ் வழியினர் எஸ்டேட்டை விற்றார்கள். பிறகு அது ஹேர் குடும்பத்துக்கு வந்தது. ராபர்ட் ஹேர் என்ற பாதிரியார் காலத்தில், சாமுவேல் வயட் என்ற கட்டடக் கலைஞர் வந்து பார்த்து, இதைச் செப்பனிடுவது வீண் என்ற மாதிரி அறிக்கை கொடுத்தார். 1777 வாக்கில் உள்கட்டடம் முழுவதையும் இடித்தார்கள். எடுத்த பொருளைக் கொண்டு அதே எஸ்டேட்டில் 'ஹர்ஸ்ட்மன்சூ பிளேஸ்' என்ற வீட்டைப் பெரிதாக்கினார்கள். ஒரு வீட்டைத் தின்று இன்னொரு வீடு வளர்ந்தது. முற்றங்கள் அப்போது போனவைதான்.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கும் மேல் கூரையில்லாத சுவர்கள் மட்டும் கொடி படர்ந்து நின்றன. ஓவியர்களுக்கு அது பிடித்தது, டர்னரும் வந்து வரைந்திருக்கிறார். 1913-இல் கிளாட் லோதர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் வாங்கித் தெற்குப் பக்கத்தைக் கட்டத் தொடங்கினார். உலகப் போர் குறுக்கிட்டது. வேலை முடியாமலே 1929-இல் அவர் இறந்தார். 1932-இல் சர் பால் லேதம் வாங்கி, வால்டர் காட்ஃப்ரே என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தி, சில ஆண்டுகளில் மீதியை முடித்தார். நீங்கள் பார்க்கிற மாடிப்படி, மரவேலை, கணப்புகள் சில வேறு பழைய மாளிகைகளிலிருந்து வந்து சேர்ந்தவை. பழையவைதான், ஆனால் இந்த வீட்டுப் பழசு இல்லை.

இடிச்சதைத் திரும்பக் கட்டிட்டுப் பழைய கோட்டைன்னு சொல்றது ஏமாத்து இல்லையா?

என் கருத்து, இல்லை. காட்ஃப்ரே வெளிப்புறத்தில் தன் கைவரிசையைக் காட்டவில்லை. எஞ்சிய சுவர்களையும், இடிப்பதற்கு முன் சிலர் வரைந்து வைத்த படங்களையும் வைத்துக்கொண்டு வேலை செய்தார். உள்ளே மட்டும் பழைய திட்டத்தைப் பின்பற்றவில்லை. பல சிறு முற்றங்களுக்குப் பதிலாக ஒரே பெரிய முற்றமாக விட்டு, சுற்றிலும் அறைகளை வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் குடியிருக்க வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று எடுத்த முடிவு அது.

நான் வருத்தப்படுவது 1777-ஐ நினைத்துத்தான். மூன்றே கால் நூற்றாண்டு வாழ்ந்த முற்றங்களையும் பெரிய கூடத்தையும் செங்கல்லுக்காகக் கரைத்துவிட்டார்கள். அது திரும்ப வரவே இல்லை. காட்ஃப்ரே தந்தது அதன் நகல் இல்லை, வேறொரு வீடு. நல்ல வீடு.

சரி, கிரீனிச்சை விட்டு ஏன் கிளம்பினாங்க?

லண்டன்தான் காரணம். 1675-இல் கிரீனிச் நகரத்துக்கு வெளியே இருந்த குன்று. 20-ஆம் நூற்றாண்டில் நகரம் அதை விழுங்கிவிட்டது. நிலக்கரிப் புகை, தெருவிளக்கு வெளிச்சம், அதிர்வு எல்லாம் சேர்ந்தன. மின்சார ரயில் வந்தபோது காந்தமானிகள் தடுமாறும் என்று, காந்த ஆய்வை மட்டும் 1920-களிலேயே சர்ரேயில் உள்ள ஆபிஞ்சருக்கு மாற்றியிருந்தார்கள். போரின்போது கருவிகளையும் ஆட்களையும் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. போர் முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்புவதில் அர்த்தம் இல்லை என்று, அப்போதைய அரச வானியலாளர் ஹரால்ட் ஸ்பென்சர் ஜோன்ஸ் வெளியேறும் முயற்சியில் உறுதியாக நின்றார்.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் வேலையும் 1899-இல் கொடைக்கானல் மலைக்குப் போனது. நகரத்தையும் மேகத்தையும் விட்டு ஓடுவது வானியலாளர்களுக்குப் பரம்பரை வழக்கம்.

நிலத்தை வாங்கிப் புதுசாக் கட்டியிருக்கலாமே? கோட்டையை எதுக்கு வாங்கணும்?

1946-ஐ நினைத்துப் பாருங்கள். குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கே செங்கல்லும் மரமும் போதவில்லை. கட்டடம் கட்ட உரிமம் வாங்க வேண்டிய காலம். கூரையும் அறைகளும் தயாராக உள்ள ஒரு பெரிய கட்டடம், சுற்றிலும் இருட்டான பரந்த நிலம், தெற்கே கடல் பக்கம் நகரமே இல்லாத அடிவானம் — இவை ஒன்றாகக் கிடைத்ததால் கடற்படை நிர்வாகம் வாங்கியது. வானாய்வகம் அப்போது அவர்கள் கீழ்தான் இருந்தது. கப்பல்களுக்கு நேரமும் நட்சத்திர அட்டவணையும் வேண்டும் என்பதற்காகவே தோன்றிய நிறுவனம் ஆயிற்றே!

1948-இல் ஸ்பென்சர் ஜோன்ஸ் கோட்டைக்குக் குடிவந்தார். முழு இடமாற்றம் முடிய 1957 ஆகிவிட்டது. நடுவில் பல ஆண்டுகள் கோட்டையைச் சுற்றித் தற்காலிகக் கொட்டகைகளில் வேலை நடந்தது. கப்பல் மாலுமிகளுக்கான பஞ்சாங்கம் கணிக்கிற அலுவலகம் 1949-இல் வந்தது.

அப்போ கோட்டை மேலயே தொலைநோக்கி வச்சாங்களா?

எல்லோரும் இப்படித்தான் கற்பனை செய்கிறார்கள், கோபுரத்து உச்சியில் ஒருவர் தொலைநோக்கியோடு நிற்பதாக. அப்படி இல்லை. கோட்டை நிர்வாகத்துக்கும் குடியிருப்புக்கும் நூலகத்துக்கும் பயன்பட்டது. அரச வானியலாளரின் வீடும் உள்ளேயே. பள்ளத்தில் இருப்பதால் இரவில் அகழியைச் சுற்றிப் பனிமூட்டம் தேங்கும். தொலைநோக்கிக்கு அது ஆகாது.

எனவே கருவிகளுக்குக் கிழக்கே மேட்டு நிலத்தில் புதிதாகக் கட்டினார்கள். எஸ்டேட்டின் கட்டட வரலாற்றில் இது பெரிய திருப்பம். அதுவரை ஒரு வீடு, அதைச் சுற்றி நிலம். இப்போது கோட்டை அலுவலகமாகிவிட, முக்கியமான வேலை மேட்டுக்குப் போய்விட்டது.

அந்தப் பச்சைக் குவிமாடங்கள் பழைய மசூதி மாதிரி இருக்கே, யாரு கட்டினது?

வடிவமைத்தவர் பிரையன் ஓ'ரோர்க். நியூசிலாந்தில் பிறந்தவர். 1935-இல் ஓடத் தொடங்கிய 'ஓரியன்' என்ற பயணிக் கப்பலின் உள்ளலங்காரத்தால் பெயர் வாங்கியவர். 1950-களில் அவர் இங்கே ஆறு குவிமாடங்களை ஒரே தொகுப்பாக வடிவமைத்தார். தனித்தனியாக ஆறு இடத்தில் நிறுத்தாமல், சுவர்களாலும் மேடைகளாலும் நடைபாதைகளாலும் இணைத்தார். 1958 வாக்கில் வேலை முடிந்தது.

சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிவப்புச் செங்கல், நடுவில் உடைத்த சிக்கிமுக்கிக் கல் பதித்த பகுதிகள். சஸெக்ஸில் தேவாலயச் சுவர்களிலும் வயல் வீடுகளிலும் பார்க்கிற அதே கல். இந்தச் செங்கல், பள்ளத்தில் நிற்கும் கோட்டைக்குப் பதில் சொல்கிறது. மேலே குவிமாடங்களுக்குச் செம்புத் தகடு. முதலில் செம்பு நிறத்தில் மின்னியது, மழையும் கடற்காற்றும் பட்டுப் பட்டு இன்றைய பச்சைக்கு வந்திருக்கிறது. நம் வீட்டுச் செம்புக் குடத்தில் பிடிக்கும் அதே களிம்புதான். தூரத்திலிருந்து பார்த்தால் மரங்களோடு கலந்துவிடும்.

வானியலாளர் பக்கமிருந்து பார்த்தால் குறை உண்டு. பகலில் சூடேறிய செங்கல்லும் கல்லும் இரவில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று அலைந்தால் நட்சத்திரம் நடுங்கித் தெரியும். வெள்ளைப் பூச்சுக் குவிமாடங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தால் வேலைக்கு நல்லது. பழைய எஸ்டேட்டின் அழகைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணம் இங்கே வென்றிருக்கிறது. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனாலும் ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்துக் கட்டிய காலம் ஒன்று இருந்தது என்பதை நினைத்தால் மனம் நிறைகிறது.

குவிமாடம் சுத்தும்போது உள்ள தொலைநோக்கி ஆடாதா?

ஆடாது. சுற்றுவது கூரை மட்டும். வட்டச் சுவரின் தலையில் தண்டவாளம் போட்டு, அதன்மேல் சக்கரங்களில் குவிமாடம் நகரும். அதிலுள்ள நீளப் பிளவைத் திறந்து, பார்க்க வேண்டிய திசைக்குத் திருப்புவார்கள். தொலைநோக்கி நிற்பது தரையின்மேல் இல்லை. பூமிக்குள்ளிருந்து எழும் தனித் தூணின்மேல். தரைத்தளம் அந்தத் தூணைத் தொடாது. நாம் நடக்கும் அதிர்வு கருவிக்குப் போகக்கூடாது என்பதற்காக.

இதே யோசனையை நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பார்க்கலாம். மதராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்க 1792-இல் நட்ட கருங்கல் தூண், சுமார் 15 அடி உயரம், தமிழ் எழுத்தும் பொறித்தது. வானாய்வகம் போய்விட்டது, தூண் நிற்கிறது. ஹர்ஸ்ட்மன்சூவில் தூணும் உண்டு, குவிமாடமும் உண்டு, தொலைநோக்கிகள் பலவும் இன்னும் இருக்கின்றன. 28 அங்குலப் பெரிய தொலைநோக்கி மட்டும் 1971-இல் கிரீனிச்சுக்கே திரும்பிப் போனது. அங்கே வெங்காய வடிவக் குவிமாடத்தில் நீங்கள் பார்த்தது அதுதான்.

வானாய்வகம் இடம் மாறினப்போ பூஜ்ஜிய தீர்க்கரேகையும் கூடவே வந்துச்சா?

வரவில்லை. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு தேர்ந்தெடுத்தது, கிரீனிச்சில் வானியலாளர் ஜார்ஜ் ஏரி நிறுவிய கருவியின் வழியாகப் போகும் தீர்க்கரேகையை. 1851 முதல் இயங்கிய அந்தக் கருவி அங்கேயே இருக்கிறது. அலுவலகம் மாறினால் கோடு மாறாது.

ஹர்ஸ்ட்மன்சூ அந்தக் கோட்டுக்குச் சுமார் 20 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், இங்கே சூரியன் கிரீனிச்சைவிட ஏறக்குறைய 80 நொடி முன்னதாக உச்சிக்கு வரும். இங்கே எடுத்த அளவீடுகளில் அந்த வித்தியாசத்தைக் கழித்துத்தான் கிரீனிச் நேரத்தைக் கொடுத்தார்கள்.

சின்ன வயசுல பிபிசி ரேடியோல ஆறு தடவை 'பிப்'னு வருமே, அது இங்கிருந்தா?

ஒரு பெரியப்பா கேட்டது இது. கேட்கும்போது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். ஆமாம். அந்த ஒலி 1924-இல் தொடங்கியபோது கிரீனிச்சிலிருந்து வந்தது. போர்க்காலத்தில், முன்னே சொன்ன ஆபிஞ்சரிலிருந்து. 1957 முதல் 1990 வரை ஹர்ஸ்ட்மன்சூவிலிருந்து. அதன்பிறகு பிபிசியே தன் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அறுபதுகளிலோ எழுபதுகளிலோ கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தவர் என்றால், உங்கள் வீட்டுக் கடிகாரம் இந்த எஸ்டேட்டின் நேரத்தில் ஓடியிருக்கிறது.

தனியா ஒரு பெரிய குவிமாடம் நிக்குதே, அது ஏன் ஆறோட சேரல?

அது ஐசக் நியூட்டன் தொலைநோக்கிக்காகக் கட்டியது. 98 அங்குலக் கண்ணாடி. ஓ'ரோர்க்கின் தொகுப்பில் அடங்கும் அளவு இல்லை, காலமும் பத்தாண்டு தள்ளி. நியூட்டன் பிறந்த முந்நூறாம் ஆண்டைப் போரினால் தாமதமாக 1946-இல் கொண்டாடியபோது அறிவித்த திட்டம். கண்ணாடிக்கான வார்ப்பு அமெரிக்காவின் மிச்சிகனிலிருந்து நன்கொடையாக வந்தது, தொலைநோக்கியை நியூகாசிலில் கிரப் பார்சன்ஸ் நிறுவனத்தார் செய்தார்கள். 1967 டிசம்பர் 1-ஆம் தேதி ராணி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள்தான் இங்கே நின்றது. 1979-இல் கழற்றி, கேனரித் தீவுகளில் உள்ள லா பால்மாவுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 2,300 மீட்டர் உயர மலையில், புதிய கண்ணாடியோடு 1984-இல் மறுபடி கண் திறந்தது. தொலைநோக்கியின் அச்சு துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். அட்சரேகை 51 பாகையிலிருந்து 29-க்கு இறங்கியதால் அதன் தாங்குதளத்தையே மாற்ற வேண்டியிருந்தது. இங்கே உள்ள குவிமாடம் அன்றிலிருந்து காலி. வெளியே நின்று பார்க்கும்போது கூடு மாதிரி இருக்கும்.

மழை நாட்டுல, கடல் மட்டத்துப் பக்கத்துல இவ்வளவு பெரிய தொலைநோக்கியை ஏன் வச்சாங்க? அவங்களுக்குத் தெரியாதா?

தெரியும். அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் திட்டம் பிறந்தது 1946-இல். வெளிநாட்டு மலையுச்சியில் தொலைநோக்கி வைத்து, விமானத்தில் போய்வந்து வேலை செய்வது அன்று சாதாரண விஷயம் இல்லை. பணிமனையும் ஆட்களும் இங்கே இருக்கும்போது கருவியும் இங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து அது முடிந்தபோது உலகம் மாறியிருந்தது.

அதே அறுபதுகளில் இந்திய வானியலாளர் வைணு பாப்பு தமிழ்நாட்டில் இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்தது. முதலில் வானத்தைத் தேடிவிட்டுக் கட்டடத்தைப் பிறகு யோசித்தவர் அவர். ஹர்ஸ்ட்மன்சூவில் கட்டடம் முதலில் கிடைத்தது. எஸ்டேட்டின் பலமும் பலவீனமும் அதுதான்.

இப்போ அங்க ஆராய்ச்சி நடக்குதா?

இல்லை. பெரிய தொலைநோக்கி போனபின் நிறுவனத்தை இங்கே வைத்திருக்கக் காரணம் குறைந்தது. 1990-இல் அதைக் கேம்பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். 1998-இல் மூடியே விட்டார்கள். 1675-இல் தொடங்கிய ஒரு நிறுவனம், முந்நூற்றுச் சொச்ச ஆண்டு, ஒரு நிர்வாக முடிவில் முடிந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆறு குவிமாடங்கள் சில ஆண்டு பூட்டிக் கிடந்தன. 1990-களின் நடுவில் பிள்ளைகளுக்கான அறிவியல் மையமாகத் திறந்தார்கள். தொலைநோக்கிகள் பலவற்றைத் தொண்டர்கள் பழுதுபார்த்து, இரவுகளில் வானம் காட்டுகிறார்கள். கோட்டை கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரம். குவிமாடத் தொகுப்பும் அந்தப் பட்டியலில் உயர்ந்த இடத்தில் இருக்கிறது.

கோட்டையை ஒருத்தர் பொண்டாட்டிக்குப் பரிசா வாங்கினாராமே, நிஜமா?

கிட்டத்தட்ட. ஆல்ஃபிரட் பேடர், வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 14 வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்தது. பிறகு வேதிப்பொருள் வணிகத்தில் பெரும் செல்வரானார். கோட்டை விற்பனைக்கு வந்ததும் மனைவி இசபெலிடம் வேண்டுமா என்று கேட்டாராம். இத்தனை அறையை யார் பெருக்குவது என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். அப்புறம் அதை வாங்கி, தன்னைப் படிக்கவைத்த பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்கள். 1994-இல் அது வெளிநாட்டு வளாகமாகத் திறந்தது.

கோட்டையை இடித்துச் செங்கல் எடுத்த ஹேரையும், பள்ளிக்கூடமாக்கக் கொடுத்த பேடரையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரே சுவர்தான்.

அரை நாள்தான் இருக்கு. கோட்டையா, குவிமாடமா?

குவிமாடம். கூட வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுக் கோபித்திருக்கிறார்கள். செங்கல் கோட்டை இங்கிலாந்தில் வேறு இடத்திலும் பார்க்கலாம். எந்தத் தொலைநோக்கிகளுக்காகக் கட்டினார்களோ அவற்றில் பலவற்றோடு, இப்படி ஒரே தொகுப்பாக நிற்கிற 1950-களின் வானாய்வகம் வேறெங்கே இருக்கிறது?

இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். எது எந்த நாளில் திறந்திருக்கிறது என்று முன்னமே பார்த்துக்கொண்டு போங்கள். முடிந்தால் குவிமாடங்களை மதியத்தில் முடித்துவிட்டு, மாலையில் கோட்டைப் பக்கம் இறங்குங்கள். மேற்குச் சுவர் வெயிலைப் பற்றி மேலே சொன்னேன் இல்லையா, அது நான்கு மணிக்கு மேல்தான்.